முட்டியதைச் சொன்னவரைத் தண்டிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விமானத்தில் கோளாறு என்றாலே பேச்சு விமானியைப் பற்றியும் எஞ்சினைப் பற்றியும்தான் போகிறது. புறப்படும் முன் தரையில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று கேட்பார் குறைவு.

2005 டிசம்பர் 26 அன்று சியாட்டிலில் கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் எம்டி-83 விமானத்தில், ஏறத்தாழ 26,000 அடி உயரத்தில் கேபின் அழுத்தம் சரிந்தது. பத்திரமாகத் திரும்பி வந்த பிறகு பார்த்தால், உடற்பகுதியில் ஓர் அடி நீளம், அரை அடி அகலத்துக்கு ஓட்டை. தரையில் நின்றபோது ஒரு வண்டி இடித்திருக்கிறது. ஓட்டியவர் உடனே சொல்லவில்லை. தகட்டில் விழுந்த மடிப்பு, மேலே போனதும் அழுத்தம் தாங்காமல் கிழிந்துவிட்டது.

அது அலுமினியம், தேடிப் பார்த்தால் மடிப்பாவது கண்ணில் படும். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற கார்பன் இழை விமானங்களில் அதுவும் நிச்சயமில்லை. ரப்பர் பம்பர் வைத்த பெல்ட் லோடர் (சாமான் ஏற்றும் வண்டி) மெதுவாக அழுத்தினால், வெளித்தோல் உள்வாங்கி மறுபடி நிமிர்ந்துவிடலாம். உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும், தாங்கு சட்டம் உடைந்திருக்கும். வெளியே பெயின்ட்கூட உரிந்திருக்காது. எந்த இடத்தில் அல்ட்ராசோனிக் (ஒலியலை) சோதனை செய்வது என்பது முட்டியவர் வாய் திறந்தால்தான் பொறியாளருக்குத் தெரியும்.

அவர் ஏன் வாய் திறப்பதில்லை? சொன்னால் விமானம் நிற்கும், தாமதம் அவர் பிரிவின் கணக்கில் ஏறும், ஒப்பந்தத் தொழிலாளி என்றால் மறுநாள் வேலை இருக்காது. இந்தப் பயத்தை வைத்துக்கொண்டு சுவரில் 'பாதுகாப்பே முதன்மை' என்று எழுதிப் பயனில்லை. கவனப் பிசகால் நடந்ததை உடனே சொன்னவருக்குத் தண்டனை கிடையாது என்று நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது, தெரிந்தே விதியை மீறுவது, நடந்ததை மறைப்பது ஆகியவற்றுக்கு மட்டும் நடவடிக்கை. தகவல் தந்தவரிடம் திரும்பப் போய், என்ன பார்த்தோம், என்ன சரிசெய்தோம் என்று சொல்லவும் வேண்டும். பதில் வராத இடத்தில் அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள்.

பராமரிப்புக் கூடத்தில் ஆபத்து ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இருக்கிறது. 1991 செப்டம்பர் 11 அன்று டெக்சஸில் கான்டினென்டல் எக்ஸ்பிரஸின் எம்ப்ரேயர் 120 விழுந்து 14 பேரும் இறந்தார்கள். வாலின் கிடைமட்ட இறக்கையில் பனி உடைக்கும் ரப்பர் உறையை மாற்றுவதற்காக, முந்தைய இரவு மேல்பக்கத் திருகுகளைக் கழற்றியிருந்தார்கள். அடுத்த ஷிஃப்ட் வலது பக்கத்தை மட்டும் முடித்தது. இடது பக்க மேல்வரிசையின் 47 திருகுகள் திரும்ப மாட்டப்படவே இல்லை. கழற்ற உதவிய ஆய்வாளர் ஒப்படைப்புத் தாளில் எழுதும் முன்பே, அடுத்து வந்த ஆய்வாளர் அந்தத் தாளைப் படித்து முடித்துவிட்டார்! அந்த நிலையிலேயே காலையில் ஒரு நடை பறந்தது. திரும்பும் நடையில் வாலின் இடது பக்க முன்விளிம்பு பிய்ந்தது.

ஆகவே, முதல் திருகு கழலும் முன் டாஸ்க் கார்டு, அதாவது வேலைப் பதிவுத் தாள், திறக்கப்பட வேண்டும். 'வேலை நடக்கிறது' என்று எழுதுவது போதாது. 'இடது மேல்வரிசை 47 திருகு கழற்றியது, மாட்டவில்லை' என்று எழுத வேண்டும். திருகுகள் பையில், எண்ணிக்கையும் பேனல் எண்ணும் எழுதிய சீட்டோடு, அந்த இடத்திலேயே கட்டப்பட வேண்டும். ஒப்படைப்பு விமானத்தின் பக்கத்தில், கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். வாங்குபவர் கேட்டதைத் திரும்பச் சொல்ல வேண்டும். இதற்கு இரண்டு ஷிஃப்டும் அரை மணி நேரமாவது ஒன்றாக இருக்க வேண்டும். அந்த அரை மணிக்கும் சம்பளம் உண்டு என்றால்தான் இது நடக்கும்.

விமானத்தை டிராக்டர் பின்னால் தள்ளும் புஷ்பேக்கிலும் இதே முறைதான். பிரேக் விடுவிக்கப்பட்டது என்று விமானி சொல்ல, ஹெட்செட் போட்டவர் திரும்பச் சொன்ன பிறகே டிராக்டர் நகர வேண்டும். தள்ளும்போது விமானத்தின் முன்சக்கர ஸ்டியரிங்கைத் துண்டித்து வைக்கும் பைபாஸ் பின்னைக் கழற்றி, சிவப்பு ரிப்பனோடு விமானிக்குக் காட்டிவிட்டுத்தான் விலக வேண்டும். இறக்கை நுனியில் நிற்பவர் நேற்றுச் சேர்ந்தவராக இருக்கட்டும், அவர் 'நில்' என்று சைகைக் கோல்களைக் குறுக்கே வைத்தால் வண்டி அந்த இடத்திலேயே நிற்க வேண்டும்.

இன்று விமானம் ஒரு நிறுவனத்துடையது, சாமான் ஏற்றுவது இன்னொன்று, பழுது பார்ப்பது மூன்றாவது. முட்டல் தகவல் மூன்றுக்கும் ஒரே நேரத்தில் போகும்படி ஒரே படிவம் வேண்டும். சேதத்துக்கான அபராதத்தை ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்ற நிபந்தனையைத் தரைப்பணி ஒப்பந்தங்களிலேயே விமான நிறுவனங்கள் சேர்க்க வேண்டும்.

– விமானப் பராமரிப்புப் பொறியாளர்