ஹெர்பிஸ் என்ற சொல்லும் ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மருத்துவக் கேள்வி பதில் பகுதியில், ரத்தப் பரிசோதனையில் ஹெர்பிஸ் (கொப்புளங்களை உண்டாக்கும் ஒரு வைரஸ் தொற்று) இருப்பதாக வந்திருக்கிறது, இனி என்ன செய்வது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இதற்குத் தீர்வு கிடையாது, ஒழுக்கமாக வாழ்வதே மருந்து என்ற பொருளில் பதில் அச்சாகியிருந்தது. அந்தப் பதிலின் முற்பகுதி அரைகுறை உண்மை. பிற்பகுதி மருத்துவமே அல்ல. அரசு மருத்துவமனைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செவிலியராகப் பணியாற்றி, அதில் சில ஆண்டுகளைப் பால்வினை நோய்ப் பிரிவில் கழித்தவள் என்ற முறையிலும், இந்த ஒரு சொல்லால் எங்கள் உறவில் ஒரு குடும்பம் உடையப் பார்த்ததை அருகிலிருந்து கண்டவள் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

என் உறவுப் பெண் ஒருத்திக்கு இரண்டு முறை கரு கலைந்ததும், தனியார் மருத்துவமனையொன்றில், கருவைப் பாதிக்கக்கூடிய தொற்றுகளைத் தேடும் டார்ச் என்ற பரிசோதனைத் தொகுப்பை எழுதிக் கொடுத்தார்கள். ஹெர்பிஸ் ஐஜிஜி (தொற்றை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்) பாசிட்டிவ் என்று தாளில் வந்தது. அதற்கு என்ன பொருள் என்று விளக்க அங்கே யாருக்கும் ஐந்து நிமிடம் இல்லை. வீட்டார் கைப்பேசியில் தேடிப் பார்த்து, அது பால்வினை நோய் என்ற முடிவுக்கு வந்து, பெண்ணின் நடத்தையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். பின்னர் வேறொரு மருத்துவர் சொன்னதன் பேரில் கணவருக்கும் அதே பரிசோதனை செய்தபோது அவருக்கும் பாசிட்டிவ் என்றே வந்தது. அவருடைய நடத்தையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸில் இரண்டு வகைகள் உண்டு. முதல் வகை பெரும்பாலும் வாயைச் சுற்றி வருவது; குழந்தைப் பருவத்தில் வீட்டுப் பெரியவர்கள் கொஞ்சி முத்தமிடுவதிலேயே பலருக்கும் தொற்றிவிடுகிறது. 50 வயதுக்கு உட்பட்டவர்களில் உலகெங்கும் சுமார் 380 கோடிப் பேருக்கு, அதாவது நூற்றுக்கு 64 பேருக்கு, இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. சித்திரை வெயிலில் எனக்கு உதட்டோரத்தில் வருகிற, நாம் சூட்டுக் கொப்புளம் என்று சொல்லி மோர் குடித்துச் சமாளிக்கிற கொப்புளமும் இதுதான். இரண்டாம் வகை பெரும்பாலும் பாலுறவின் வழியாகப் பரவிப் பிறப்புறுப்புப் பகுதியில் வருவது; 15 முதல் 49 வயதுக்கு உட்பட்டோரில் சுமார் 52 கோடிப் பேருக்கு இருப்பதாக மதிப்பீடு. முதல் வகையும் வாய்வழிப் பாலுறவால் பிறப்புறுப்பில் வரலாம். ஐஜிஜி பரிசோதனை, உடல் எப்போதோ இந்த வைரஸைச் சந்தித்திருக்கிறது என்று மட்டுமே சொல்லும். எப்போது, யாரிடமிருந்து, உடலின் எந்தப் பகுதியில் என்று சொல்லாது. பல ஆய்வகங்களின் தாளில் எந்த வகை என்பதுகூடப் பிரித்து எழுதப்படுவதில்லை. உறுதியாகத் தெரிய வேண்டுமானால், கொப்புளம் இருக்கும்போதே அதிலிருந்து மாதிரி எடுத்து, வைரஸின் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் பரிசோதனை செய்ய வேண்டும்.

நம் ஊரில் குழப்பத்தைக் கூட்டுவது இன்னொன்று. குயவரிடம் சென்று செங்காவியால் எழுதிக்கொள்கிறோமே, அந்த அக்கிக்கும் மருத்துவப் பெயர் ஹெர்பிஸ் ஜோஸ்டர் என்பதுதான். ஆனால் அது முன்பு வந்துபோன சின்னம்மையின் வைரஸ் மீண்டும் எழுவது. பாலுறவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அக்கி வந்த ஒரு முதியவர், மருந்துச் சீட்டில் ஹெர்பிஸ் என்று எழுதியிருந்ததைப் பேரன் படித்துச் சொல்லிவிட்டான் என்று கூனிக் குறுகி என் முன்னால் நின்றது இன்னும் நினைவிருக்கிறது.

பிறப்புறுப்பு ஹெர்பிஸ் உண்மையிலேயே இருப்பவர்களுக்கு அந்தப் பதில் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வைரஸ் முதுகெலும்பின் அடிப்பகுதி நரம்புகளின் வேரில் தங்கிவிடும். அதை முற்றாக அகற்றும் மருந்து இன்று இல்லை. ஆனால் முதல் முறை வரும் வலியும் காய்ச்சலும் நெறிகட்டலும் எப்போதும் அப்படியே தொடர்வதில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஆண்டுகள் செல்லச் செல்ல மறுபடி வருவது குறைகிறது. கொப்புளம் எழுவதற்கு முன்பே அந்த இடத்தில் குறுகுறுப்போ எரிச்சலோ தெரியும். மருத்துவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த அசைக்ளோவிர் மாத்திரையை அந்த நேரத்திலேயே தொடங்கினால் புண் விரைவில் ஆறும். அடிக்கடி வருபவர்கள் மருத்துவர் மேற்பார்வையில் தினமும் மாத்திரை எடுத்துக்கொள்ளலாம். அதே வகையைச் சேர்ந்த வாலசைக்ளோவிர் மாத்திரையைத் தினமும் எடுத்துக்கொள்வது, துணைவருக்குத் தொற்றும் வாய்ப்பை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆணுறையும் தொற்றைக் குறைக்கும், முழுமையாகத் தடுக்காது. புண்ணோ குறுகுறுப்போ இருக்கும் நாட்களில் உறவைத் தவிர்க்க வேண்டும். புண் இல்லாத நாட்களிலும் சில வேளை தொற்றலாம் என்பதால் துணைவரிடம் சொல்லிவிடுவதே முறை. மருந்துக் கடையில் படைக்கென்று கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவிக்கொண்டு, புண் மோசமான பிறகு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கருத்தரித்த பெண்களின் அச்சத்துக்கும் பதில் உண்டு. முன்பிருந்தே ஹெர்பிஸ் உள்ள தாயிடமிருந்து பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றுவது மிக அரிது. பேறுகாலத்தின் கடைசி வாரங்களில் முதன்முறையாகத் தொற்று ஏற்படுவதுதான் ஆபத்து. கருவுற்றிருக்கும்போதே மருத்துவரிடம் சொல்லிவிட்டால், 36ஆம் வாரத்திலிருந்து மாத்திரை கொடுப்பார்கள்; வலி எடுக்கும் நேரத்தில் புண் இருந்தால் மட்டும் அறுவைசிகிச்சை மூலம் பிரசவம் பார்ப்பார்கள். உதட்டில் கொப்புளத்தோடு இருப்பவர் பச்சிளம் குழந்தையை முத்தமிடக் கூடாது என்பதைத் தொட்டில் கட்டும் வீடுகளில் எவரும் சொல்வதில்லை. தேவையான எச்சரிக்கை அதுதான்.

தயக்கம் உள்ளவர்கள் அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவில் இலவசமாக ஆலோசனை பெறலாம். எச்ஐவி, பால்வினை நோய்கள் குறித்துக் கேட்க 1097 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது.

கடைசியாகத் தங்களிடம் ஒரு கேள்வி. அந்தப் பதில் வெளியான அதே பக்கத்தின் கீழ்ப்பகுதியில், ஹெர்பிஸ் உள்ளிட்ட அந்தரங்க நோய்களை வேரோடு குணப்படுத்துவதாக, விடுதி அறை எண்ணோடு ஒரு விளம்பரம் இருந்தது. பால்வினை நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. தீர்வே இல்லை என்று மேலே படித்துவிட்டுக் கண்ணைக் கீழே இறக்கும் வாசகி அந்த அறைக் கதவைத்தான் தட்டுவார். அந்த விளம்பரத்தை நிறுத்துவதோடு, வாசகியின் கேள்விக்குத் தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவர் ஒருவரிடம் புதிதாகப் பதில் கேட்டு, அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்
(உறவினரின் நலன் கருதிப் பெயரை வெளியிட வேண்டாம்.)