மொக்காராவுக்கு ஒரு மேசை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அண்மையில் எங்கள் வட்டாரத்தில் நடந்த மலர்ப் போட்டிக்கு என் மொக்காராவைக் கொண்டு போயிருந்தேன். கரியும் தேங்காய் மட்டையும் போட்ட சட்டியில் மூன்று வருடம் வளர்த்த கலப்பின ஆர்க்கிட். ஒரே தண்டில் பதினோரு பூ; ஆரஞ்சு இதழ் முழுக்கச் சிவப்புப் புள்ளி. படிவத்தில் டென்ட்ரோபியம், வாண்டா, ஃபெலனோப்சிஸ், ‘மற்றவை’ என்று நான்கே பிரிவுகள். வாண்டா என்று எழுதினேன். “இது வாண்டா இல்லையே அங்கிள், மற்றவையில வச்சிடுங்க” என்றார் பதிவு செய்த பெண். சரி என்று வைத்தேன். ஒரு பக்கம் ஒற்றைப் பூவோடு செருப்பு ஆர்க்கிட், மறுபக்கம் கொத்தாய்ப் பூத்த ஒன்சிடியம். இவற்றை எப்படி ஒப்பிடுவது? பரிசு வராதது பெரிதில்லை. நடுவர் அந்தச் செடி முன்னால் நிற்கவே இல்லை, அதுதான் உறுத்துகிறது.

வாண்டா மேசையில் வைத்திருந்தாலும் தோற்றிருக்கும். அங்கே பூ வட்டமாக, இதழுக்கு இதழ் இடைவெளியில்லாமல் இருக்க வேண்டும். மொக்காராவிலோ வாண்டா, ஆஸ்கோசென்ட்ரத்தோடு தேள் ஆர்க்கிட்டான அராக்னிஸும் கலந்திருக்கிறது. அது நட்சத்திரமாய்த்தான் விரியும்.

நம் வெயிலுக்கு ஒத்துவராத ஐரிஸ் பூவிலும் இதே சிக்கல் உண்டு. அமெரிக்க ஐரிஸ் சங்கத்தின் உயரிய டைக்ஸ் பதக்கம் பெரும்பாலும் இதழில் தாடிபோல் மயிருள்ள உயரமான தாடி ஐரிஸ்களுக்கே போகிறது. ஆனால் இனம்விட்டு இனம் கலந்தவற்றுக்கு ராண்டால்ஃப்-பெரி பதக்கம் என்று தனியாகவே வைத்திருக்கிறார்கள். மஞ்சள் ஐரிஸையும் ஜப்பானிய ஐரிஸையும் கலந்து, கண்ணுக்கு மை தீட்டியதுபோல் பூக்கும் சூடாட்டா வகைக்கும் அங்கே இடமிருக்கிறது.

நம் பக்கத்திலேயே பாருங்கள். பேராக்கின் கிந்தாச் சதுப்புகளில் மண்டி வளர்ந்ததால் ‘கிந்தாக் களை’ என்று பெயர் வாங்கிய ஆர்க்கிட்டுக்குப் பிறந்த கலப்புதான் வாண்டா மிஸ் ஜோக்கிம். ஆக்னஸ் ஜோக்கிம் என்ற பெண்மணி அதை 1899இல் சிங்கப்பூர் மலர்க் கண்காட்சிக்குக் கொண்டு போனார்; மிக அரிய ஆர்க்கிட் என்று முதல் பரிசு கொடுத்தார்கள். இன்று அது சிங்கப்பூரின் தேசிய மலர்.

ஏற்பாட்டாளர்களிடம் நான் கேட்பது வெவ்வேறு பேரினங்கள் கலந்த செடிகளுக்காகப் படிவத்தில் ஒரே ஒரு வரி: ‘பேரினக் கலப்பு ஆர்க்கிட்’. அதற்கென்று தனி மதிப்பெண் தாளும் வேண்டும். அராக்னிஸும் வாண்டாவும் கலந்த அராண்டா, மொக்காரா வளர்ப்பவர்கள் பினாங்கில் நிறையப் பேர் இருக்கிறோம். மேசை காலியாகக் கிடக்காது. என் செடியில் அடுத்த தண்டு இப்போதே விரல் நீளம் வந்துவிட்டது.

இப்படிக்கு,
ஆர்க்கிட் வளர்க்கும் வாசகர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு