மானெக்‌ஷாவை நாம் வழியனுப்பிய லட்சணம்

ஆசிரியருக்கு வணக்கம்.

1971 வங்கதேசப் போரின் வெற்றி நாளான டிசம்பர் 16 வந்தால், அப்போது ராணுவத் தளபதியாக இருந்த பீல்டு மார்ஷல் (ராணுவத்தின் மிக உயர்ந்த பதவி) சாம் மானெக்‌ஷாவைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. 1971 ஏப்ரலில் இந்திரா காந்தியிடம் இப்போது போருக்குப் போக முடியாது, மழைக்காலம் கழியட்டும் என்று முகத்துக்கு நேராகச் சொன்னது, பிறகு 13 நாளில் போரை முடித்தது, பாகிஸ்தான் தரப்பில் சுமார் 93,000 பேர் சரணடைந்தது எல்லாம் வந்துவிடும். 1942ல் பர்மாவின் சிட்டாங் ஆற்றங்கரையில் குண்டடி பட்டுக் கிடந்தவரை ஷேர் சிங் என்ற சிப்பாய் தூக்கிக்கொண்டு ஓடியதும், பிழைக்க மாட்டார் என்று நினைத்து மேலதிகாரி தன் சட்டையில் இருந்த மிலிட்டரி கிராஸ் என்ற வீரப்பதக்கத்தின் ரிப்பனையே கழற்றி அவர் மார்பில் குத்தியதும்கூட வரும். அவரை நாம் அடக்கம் செய்த கதை மட்டும் வராது.

ஓய்வுக்குப் பிறகு குன்னூரில் குடியிருந்த மனிதர். 2008 ஜூன் 27 அன்று பக்கத்திலுள்ள வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் 94 வயதில் இறந்தார். ஊட்டி பார்சி கல்லறையில் மனைவி சீலூவின் பக்கத்தில் அடக்கம். இறுதிச் சடங்குக்குக் குடியரசுத் தலைவர் வரவில்லை, பிரதமர் வரவில்லை, பாதுகாப்பு அமைச்சரும் வரவில்லை, இணையமைச்சர் பல்லம் ராஜூ வந்தார். ராணுவத் தளபதி வெளிநாட்டில் இருந்தார் என்றார்கள், சரி, ஒத்துக்கொள்வோம், மற்ற இரண்டு படைகளின் தளபதிகளுக்கு என்ன வந்தது? தேசிய துக்கமும் அறிவிக்கப்படவில்லை.

நெறிமுறை, (அரசு விழாக்களில் யாருக்கு எந்த இடம் என்ற) முன்னுரிமைப் பட்டியல் என்றெல்லாம் அப்போது சமாதானம் சொன்னார்கள். அப்படியானால் 1993ல் மடிக்கேரியில் பீல்டு மார்ஷல் கரியப்பாவின் இறுதிச் சடங்குக்கு மூன்று தளபதிகளும் எப்படிப் போனார்கள்? மானெக்‌ஷாவே அங்கே போய் நின்றார். 2017ல், பீல்டு மார்ஷலுக்கு இணையான பதவியில் இருந்த விமானப்படை மார்ஷல் அர்ஜன் சிங் இறந்தபோது டெல்லியில் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது, அரசு மரியாதையும் நடந்தது. ஆக, மனம் இருந்தால் நெறிமுறை குறுக்கே நிற்பதில்லை.

சம்பள விவகாரம் இன்னும் மோசம். பீல்டு மார்ஷலுக்கு ஓய்வே கிடையாது, சாகும்வரை பதவியில் இருப்பதாகத்தான் கணக்கு. அந்தக் கணக்கில் 1973 முதல் சேரவேண்டிய பணம் ஒரு கோடியைத் தாண்டியிருந்தது. அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது நேரில் வந்து பார்த்த பிறகு, 2007ல்தான் அது கைக்கு வந்தது, அவருக்கு அப்போது 90 தாண்டிவிட்டது, ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தார். (ஒரு சாதாரண ஜவானின் விதவை எத்தனை முறை அலைய வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!)

டாக்காவில் சரணாகதியை வாங்க, தான் போகாமல், கிழக்குப் படைத் தளபதி அரோராவை அனுப்பியவர் அவர். பெருமையைத் தனக்கென்று பிடித்து வைத்துக்கொள்ளாத அந்த மனுஷன் இதையெல்லாம் பொருட்படுத்தியிருக்க மாட்டார்தான். ஆனால் நாம் மறைக்கலாமா? அடுத்த டிசம்பரில் உங்கள் கட்டுரையில் வெலிங்டன், ஊட்டி விஷயத்துக்கும் இரண்டு பத்தி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நீலகிரி