அக்கானி காய்ச்சும் ஸ்டாண்டும் இந்த ஒரு வருடமும்: செயலாளர் அறிக்கை

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவின் பாறசாலையிலிருந்து வந்து சேர்ந்திருக்கும் குடும்பங்கள், எல்லாருக்கும் வணக்கம். கூட்டத்தில் வாசித்ததை அப்படியே இங்கே போடுகிறேன், வெளிநாட்டில் வேலை பார்க்கிற நம் பையன்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியாகத் தருவார், அதனால் பணக் கணக்குக்குள் நான் போகவில்லை. மழை பிடித்துக்கொண்ட ஒரு மாதம் தவிர எல்லா மாதமும் கூட்டம் நடந்தது. மூத்த பனையேறி பாட்டா ஒருவரை இந்த ஆண்டு இழந்தோம். அவருடைய பாளை அருவாளை வீட்டார் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார்கள், அலமாரியில் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறோம்.

மற்றபடி இந்த வருடம் முழுக்கவே, அக்கானியை, அதாவது பதநீரை, கருப்பட்டியாகக் காய்ச்ச நாம் கட்டிய ஸ்டாண்டின் வருடம்தான். அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். அமெரிக்காவில் 1978-ல் சட்டம் மாறியதிலிருந்து வீட்டிலேயே பீர் காய்ச்சிக் குடிப்பது அங்கே பெரிய பொழுதுபோக்கு. அவர்கள் இரும்புச் சட்டத்தில் மூன்று பாத்திரம், கீழே பர்னர், பம்பு, சென்சார், கன்ட்ரோலர் என்று ஒரு ஸ்டாண்ட் கட்டிக்கொள்கிறார்கள். நம் பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் அந்தப் படங்களைக் கொண்டுவந்து காட்டி, 'இதே மாதிரி நம்ம அக்கானிக்குச் செய்தால் என்ன' என்று கேட்டார். பீர் காய்ச்சுவது நமக்குச் சட்டப்படி ஆகாது, அந்தப் பேச்சே சங்கத்தில் இல்லை. கள்ளுக்குக்கூட இங்கே தமிழ்நாட்டில் 1987 முதல் தடை, இரண்டு கிலோமீட்டர் நடந்து எல்லையைத் தாண்டினால் கள்ளுக்கடை திறந்திருக்கும். 1956 நவம்பர் 1 வரை இரண்டு பக்கமும் ஒரே மாநிலம், பனையும் ஒரே பனை. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அக்கானி, தடவாமல் விட்டால் சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகிவிடும், வித்தியாசம் அவ்வளவுதான். நாம் சுண்ணாம்புக்காரர்கள், கருப்பட்டிக்காரர்கள். ஆனால் நெருப்பு, பாத்திரம், பொங்கிவழிவது, சூட்டைக் கண்காணிப்பது, இந்தத் தொல்லைகள் அவர்களுக்கும் நமக்கும் ஒன்றுதான். அதனால் ஸ்டாண்டை எடுத்துக்கொண்டோம்.

அப்படி எடுத்துக்கொண்டதிலேயே முதல் தப்பு நடந்தது. படத்தில் இருந்தது போலவே உயரமான ஸ்டீல் அண்டா வாங்கினோம். பீர் காய்ச்சுகிறவருக்கு ஒரு மணி நேரம் கொதித்தால் போதும், தண்ணீர் அதிகம் குறையக் கூடாது, அதனால் அவருக்கு உயரமான பாத்திரம் சரி. நமக்கோ தண்ணீர் போவதுதான் வேலையே. எட்டிலிருந்து பத்து லிட்டர் அக்கானி ஒரு கிலோ கருப்பட்டியாக வேண்டும் என்றால், பத்து லிட்டரில் ஏறத்தாழ ஒன்பது லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போக வேண்டும். ஆவி போக வாய் வேண்டும். நம் வீட்டு அம்மாக்கள் காலங்காலமாக வார்ப்பு என்கிற வாயகன்ற பாத்திரத்தில் காய்ச்சியதற்கு இதுதான் காரணம் என்று அண்டாவை வாங்கி, மூன்று நாள் விடிய விடியக் காய்ச்சிய பிறகுதான் எங்கள் மண்டைக்குள் ஏறியது. அண்டா இப்போது அக்கானி தெளியவைக்கும் தொட்டியாக மேல் தட்டில் இருக்கிறது, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலாகத் திறந்துவிட வசதியாக ஒரு டேப் வைத்திருக்கிறோம், பம்பு தேவைப்படவில்லை, தானாகவே இறங்கும்.

அடுத்தது மின்சாரமா விறகா என்ற சண்டை, இரண்டு கூட்டம் அதிலேயே போனது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 0.63 யூனிட் வேண்டும், இது இயற்கை, இதில் பேரம் கிடையாது. அப்படியானால் பத்து லிட்டர் அக்கானிக்கு, முதலில் சூடேற்றுவதையும் சேர்த்து, ஏறத்தாழ ஆறரை யூனிட். நாற்பது லிட்டர் வார்ப்புக்கு 26 யூனிட். 3 கிலோவாட் ஹீட்டர் போட்டால் ஒரு சொட்டுச் சூடு வீணாகாவிட்டாலும் எட்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நம் விளைகளில், அதாவது தோட்டங்களில், காய்ந்த பனை மட்டையும் தேங்காய்த் தொண்டும் ரப்பர் விறகும் கிடக்கும்போது இது வேண்டாம் என்று பெரும்பான்மையாக முடிவாயிற்று, எனக்கும் அதுவே சரி. அதனால் தீ விறகுத் தீதான், ஆனால் அதற்குக் காற்று கொடுக்கிற ப்ளோயரை மட்டும் கன்ட்ரோலர் கையில் கொடுத்தோம். 12 வோல்ட் ப்ளோயர், அடுப்பின் அடியில் ஒரு குழாய், அவ்வளவுதான். இதில் ஒரு நல்லது, கரண்ட் போனால் காற்று நின்று தீ தானாகத் தணியும். எது கெட்டாலும் தீ அடங்குகிற பக்கமாகவே கெட வேண்டும் என்று தலைவர் முதல் நாளே சொன்னார், அதன்படிதான் ஒவ்வொரு ஒயரும் போட்டிருக்கிறோம்.

இப்போது சென்சார் விஷயம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், வேறு ஊரில் யாராவது கட்டினால் உதவும்.

முதலில் போட்டது டிஎஸ்18பி20 என்கிற மலிவான சென்சார். பீர்க்காரர்களுக்கு அது போதும், அவர்கள் தானியத்தை ஊறவைக்கிற சூடு 65, 68 டிகிரி அளவில் நிற்கும். அந்தச் சென்சார் 85 டிகிரி வரைதான் அரை டிகிரிக்குள் சரியாகச் சொல்லும், 125-க்கு மேல் வேலையே செய்யாது. நமக்கு முக்கியமான இடமே 100-க்கும் 118-க்கும் நடுவில் இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு, சூடு ஏற ஏற மின்தடை கூடுகிற பிடி100 என்கிற சென்சார் போட்டோம். அதன் மின்தடை பூஜ்ய டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். டிகிரிக்கு 0.4 ஓம்கூட இல்லை என்பதால் ஒயர் நீளமானால் அந்த ஒயரின் ஓமே ஒரு டிகிரி கூட்டிக் காட்டிவிடும், அதனால் ஒயரின் ஓமைக் கழித்துப் பார்க்க வழி தருகிற மூன்று ஒயர் உள்ளதைத்தான் வாங்க வேண்டும். நாங்கள் முதலில் இரண்டு ஒயர் வாங்கி ஒரு வாரம் குழம்பினோம். கொதிக்கிற வெறும் தண்ணீரில் போட்டுப் பார்த்தபோது 101-ஐத் தாண்டிக் காட்டியது, அப்போதுதான் பிடிபட்டது.

அப்புறம் அந்த இரவு. சென்சாரை வார்ப்பின் பக்கவாட்டில், அடியிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் துளை போட்டு மாட்டியிருந்தோம். பார்க்க அழகாக இருந்தது. நாற்பது லிட்டர் ஊற்றினோம், 100, 101, 102 என்று மெல்ல ஏறியது, எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு கட்டத்தில் 103-லிருந்து கீழே இறங்கி 98-ல் நின்றுவிட்டது. சூடு போதவில்லை என்று கன்ட்ரோலர் நினைத்து ப்ளோயரை முழு வேகத்தில் ஓட்டியது. உண்மையில் நடந்தது வேறு, பாகு சுண்டிச் சுண்டிச் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டது, சென்சார் ஆவியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்கா அங்கிருந்தே கத்தினார்: 'கொதிக்கிற சத்தம் மாறிட்டு, இறக்கு மக்கா, இறக்கு!' ஓடிப் போய் இறக்குவதற்குள் அடியில் கருத்த புகை கிளம்பிவிட்டது. நாற்பது லிட்டர் அக்கானி என்றால் அன்று காலையில் எத்தனை பனை ஏறியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஏறியவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் முகம் கழுவிவிட்டுப் போனார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இப்போது சென்சார் மேலிருந்து வருகிறது. வார்ப்பின் விளிம்பில் ஒரு கீல், அதில் ஒரு கம்பி, கம்பியின் நுனியில் சென்சார், அதன் அடியில் ஒரு சின்ன ஸ்டீல் வளையம் காலாக. அந்தக் கால் வார்ப்பின் அடியைத் தொடும், சென்சார் ஐந்து மில்லிமீட்டர் மேலே நிற்கும், அதனால் பாத்திரத்தின் சூட்டைச் சொல்லாமல் பாகின் சூட்டையே சொல்கிறது. கடைசிச் சொட்டு வரை பாகுக்குள்ளேயே இருக்கும். இதற்குப் பிறகு ஒரு வார்ப்புகூடக் கரியவில்லை. கூடவே ஒரு விதியும் எழுதிச் சேர்த்திருக்கிறோம், கொதி வந்த பிறகு சூடு இறங்கினால் அது தவறு என்று எடுத்துக்கொண்டு ப்ளோயரை நிறுத்தி பஸ்ஸரை அடிக்க வேண்டும்.

பீர்க்காரர்களின் கன்ட்ரோலர் புரோகிராம் நமக்கு அப்படியே பொருந்தாத இன்னொரு காரணமும் உண்டு. அவர்களுக்கு ஒரு சூட்டில் பிடித்து நிறுத்த வேண்டும். நமக்குக் கொதி வந்துவிட்டால் எவ்வளவு தீ போட்டாலும் நெடுநேரம் 100-ஐ ஒட்டியே நிற்கும், பாதிக்குப் பாதி சர்க்கரை ஆன பிறகும் 102-ஐ ஒட்டித்தான் இருக்கும், அதற்குள் தண்ணீரில் பெரும்பங்கு போய்விட்டிருக்கும். அப்புறம்தான் குதிரை மாதிரி ஓடும். 106-க்கும் 117-க்கும் நடுவில் கிடைக்கிற நேரம் மிகக் குறைவு, வெந்து கரிவதெல்லாம் அங்கேதான். அதனால் நம் புரோகிராம் 103 வரை முழுக் காற்று, அதற்கு மேல் பாதிக் காற்று, 107-ல் பஸ்ஸர், 112-ல் காற்றே கிடையாது, கங்குச் சூடு மட்டும். போனுக்கு மெசேஜ் வருகிற மாதிரி செய்யலாம் என்றார்கள், நான் வேண்டாம் என்றேன். விளைக்குள் சிக்னல் வரும் போகும், பஸ்ஸர் சத்தம் மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

பொங்கிவழிவதற்கும் ஒரு வழி செய்தாயிற்று. ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவதும் தேங்காய்த் துருவலைத் தூவுவதும் நாம் விடவில்லை, எண்ணெய்ப் பசை பட்டால் நுரை உடையும், அது இன்றைக்கும் வேலை செய்கிறது. அதோடு வார்ப்பின் வாய்க்கு இரண்டு விரல் கீழே இரண்டு ஸ்டீல் கம்பிகள் தொங்குகின்றன. நுரை ஏறி இரண்டையும் தொட்டால் மின் இணைப்பு உண்டாகி, ரிலே என்கிற தானியங்கி சுவிட்ச் ப்ளோயரை நிறுத்திவிடும், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி அலாரம் மாதிரிதான். கம்பியில் பாகு காய்ந்து ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொரு வார்ப்புக்குப் பிறகும் வெந்நீரில் துடைக்காவிட்டால் நுரை இல்லாமலே நுரை என்று சொல்லும். இதைத் துடைக்க மறந்தவர்கள் யார் என்று நோட்டில் எழுதியிருக்கிறோம், அடுத்த ஆண்டு தயவுசெய்து துடையுங்கள்.

கிளறுவதற்குப் பழைய காரின் வைப்பர் மோட்டார் மாட்டிப் பார்த்தோம். 108 வரை நன்றாகச் சுற்றியது, அதற்கு மேல் பாகு இறுகியதும் திணறி நின்றுவிட்டது. கழற்றிவிட்டோம். கடைசிப் பதம் கையால்தான், ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்து இறக்குவது எப்போதும் போல. நம் அடுப்பில் அது 117-ஐ ஒட்டி வருகிறது, ஆனால் சுண்ணாம்பு கூடிய அன்றும் குறைந்த அன்றும் மாறுகிறது. சுண்ணாம்பு குறைந்து அக்கானி லேசாகப் புளித்திருந்தால் எந்த டிகிரிக்குப் போனாலும் சிரட்டையில் ஊற்றியது கட்டியாகாது, பிசுபிசுவென்று நிற்கும். அதனால் வார்ப்பில் ஊற்றுவதற்கு முன் புளிப்பைக் காட்டுகிற பிஹெச் தாள் நனைத்துப் பார்த்து நோட்டில் எழுதுகிற வழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறோம், அக்காக்கள்தான் இதைச் சரியாகச் செய்கிறார்கள்.

மின்னலில் ஒரு முறை கன்ட்ரோலர் போர்டு போனது. ஐப்பசி இடி மழையில் பிளக்கைப் பிடுங்கி வைக்காதது என் கவனக்குறைவு, நான்தான் பொறுப்பு. மாற்று போர்டு வந்துவிட்டது, ஆவி படாத மாதிரி பெட்டியைச் சுவரின் அந்தப் பக்கம் மாட்டி, எர்த் போட்டு, கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் வைத்திருக்கிறோம்.

இதெல்லாம் சொன்ன பிறகு உறுப்பினர்கள் முன் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்த ஸ்டாண்டுக்காக நாம் பேசியதிலும் செலவழித்ததிலும் பெரும்பகுதி மின்னணுச் சாமான்களுக்குத்தான் போனது. பனை ஏறுவது ஆண் என்றால், அடுப்படியில் புகைக்குள் மணிக்கணக்காக உட்காருவது நம் வீட்டுப் பெண்கள். அவர்கள் உட்காரும் நேரம் இப்போது குறைந்திருக்கிறது, பஸ்ஸர் அடிக்கும் வரை வேறு வேலை பார்க்கிறார்கள், மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கினேன் என்று ஒரு மைனி சொன்னபோது எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. ஆனாலும் புகை அப்படியேதான் இருக்கிறது. ப்ளோயர் ஓடும்போது குறைகிறது, 112-ல் காற்றை நிறுத்தியதும் கங்கு புகைந்து, கிளற வேண்டிய அந்தக் கடைசி நேரத்தில் சரியாக முகத்துக்கே வருகிறது. அதே அக்கா, அந்த இரவு சத்தத்தை வைத்தே கரிவதைக் கண்டுபிடித்தவர், இப்போது கண் எரிச்சலுக்கு மருந்து விட்டுக்கொள்கிறார். புகைபோக்கியை நாம் முதலில் கட்டியிருக்க வேண்டும். கன்ட்ரோலர் அதற்குப் பிறகு வந்திருக்கலாம்.

அதனால் வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைக்கும் ஒரே பெரிய செலவு புகைபோக்கி. கூரைக்கு மேல் மூன்று அடி நிற்க வேண்டும். போகிற வழியில் சூடான புகை மேல் தட்டு அண்டாவை உரசிப் போகிற மாதிரி வளைத்தால் அடுத்த வார்ப்புக்கான அக்கானி முன்கூட்டியே சூடாகும், விறகும் மிச்சம். வரைபடம் தயார், சங்கக் கட்டடத்தில் ஒட்டியிருக்கிறது. மொபைல் ஆப், இரண்டாவது திரை, கேமரா ஆகிய மூன்று விண்ணப்பங்களையும் புகைபோக்கி நின்ற பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்திருக்கிறோம், கேட்டவர்கள் மனம் வருத்தப்பட வேண்டாம்.

அக்கானி இறக்குவதற்காகப் பாளை இடுக்குகிற வேலை தொடங்குவதற்குள் இது முடிய வேண்டும். வெல்டிங் தெரிந்தவர்கள், பழைய ஜிஐ ஷீட் வைத்திருப்பவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை கை கொடுக்க முடிந்தவர்கள் பொருளாளரிடம் பெயர் சொல்லிவிடுங்கள். அக்காக்களில் இரண்டு பேராவது வந்து, புகை எந்தப் பக்கமிருந்து முகத்துக்கு வருகிறது என்று நின்று காட்ட வேண்டும், குழாயின் வாயை அங்கேதான் வைக்கப் போகிறோம்.