கண்காட்சித் தபால்தலைகள் கடிதத்தில் ஏறட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சர்வதேசத் தபால்தலைக் கண்காட்சிகளுக்காக வெளியாகும் சிறப்புத் தபால்தலைகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தியாவின் முதல் மினியேச்சர் ஷீட் (ஒன்றோ சிலவோ தபால்தலைகள் அச்சிட்ட சிறு தாள்) 1973-ல் டெல்லியில் நடந்த இன்டிபெக்ஸ் என்ற சர்வதேசத் தபால்தலைக் கண்காட்சிக்காக வந்தது என்பதில் தொடங்கி 2011-ன் கதர்த் தபால்தலை வரை நல்ல தகவல்கள். ஆனால் அவை இன்று என்ன விலைக்குப் போகின்றன என்பதோடு கட்டுரை முடிந்துவிட்டது. எனக்கு அதில்தான் குறை. தபால்தலை கடிதத்தில் ஒட்டத்தானே வந்தது?

2011 இன்டிபெக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அது முடிந்த பிப்ரவரி 18, உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபாலுக்குச் சரியாக நூறு வயது நிறைந்த நாள். 1911-ல் ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி அலகாபாத்தில் சுமார் 6,500 கடிதங்களை ஏற்றிக்கொண்டு, யமுனையைத் தாண்டி நைனியில் கொண்டுபோய் இறக்கினார். அதுவும் ஒரு கண்காட்சியை ஒட்டி நடந்ததுதான். அந்த உறைகளில் இருந்தவை அன்று புழக்கத்தில் இருந்த சாதாரணத் தபால்தலைகள். மேலே விமானப் படத்தோடு, 'முதல் வான்வழித் தபால்' என்ற ஆங்கில வாசகத்தோடு மெஜந்தா நிறத்தில் ஒரு முத்திரை, அவ்வளவுதான். சேகரிப்பவர்கள் இன்றும் அவற்றைத் தேடி அலைகிறார்கள் என்றால், அவை நிஜமாகவே பறந்துபோய் இறங்கியவை என்பதால்தான்.

2011 கண்காட்சியில் வெளியான தபால்தலைகளில் எத்தனை கடிதத்தில் ஏறியிருக்கும்? கதர்த் துணியில் அச்சிட்ட காந்தி தபால்தலை 100 ரூபாய். அதை ஒட்ட யாருக்கும் மனசு வராது, சரி. ஆனால் அதே கண்காட்சியில் தேவிகா ராணி, மீனா குமாரி, நூதன் என நடிகைகள் ஆறு பேருக்கு ஐந்து ரூபாய்த் தபால்தலைகள் வந்தன. அவர்களில் நம் சாவித்திரியும் ஒருவர். அன்றைக்குச் சாதாரணக் கடிதத்துக்கான கட்டணமே ஐந்து ரூபாய்தான். சாவித்திரியின் முகத்தோடு ஒரு கடிதம் வாசலில் வந்து விழுந்திருந்தால் அந்த வீட்டுப் பெரியவர்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள்! பெரும்பாலானவை நேராக ஆல்பத்துக்குப் போய்விட்டன. சேகரிப்பவர்களை நான் குற்றம் சொல்லவில்லை, நானும் அவர்களில் ஒருவன்தான். ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றை அனுப்பலாமே என்கிறேன்.

தபால் துறையிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. கண்காட்சித் தபால்தலைகளில் சாதாரணக் கடிதத்துக்கு ஆகும் மதிப்பில் இருப்பவற்றையாவது பெரிய நகரங்களில் சேகரிப்பவர்களுக்கென்று இருக்கும் பிலாட்டலி பீரோக்களோடு நிறுத்தாமல், சிறிய ஊர்த் தபால் நிலையங்களின் கவுன்டர்களிலும் விற்க வேண்டும். அப்புறம், கண்காட்சி அரங்குக்கு வர முடியாதவர்கள் ஒட்டி அனுப்பும் உறைகளுக்கும் அங்கே குத்தும் சிறப்பு முத்திரையைக் குத்தி முகவரிக்கு அனுப்பிவைக்க வேண்டும். அந்த ஏற்பாட்டைக் கண்காட்சிக்கு ஒரு மாதம் முன்பே பத்திரிகைகளில் அறிவித்தால், தூரத்து ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளும் கலந்துகொள்ள முடியும்.

இப்படிக்கு,
தபால்தலை சேகரிக்கும் ஒரு வாசகர்