மிதித்தால் இழுக்காத கார்

கிளிநொச்சி,
சித்திரை மாதம்.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், மனுசிக்கு வலு சந்தோசம். இங்கே எல்லோரும் சுகம். காலபோக நெல் விற்று முடிந்தது. இரணைமடுத் தண்ணீரை நம்பிச் சிறுபோகத்துக்கு உழுதிருக்கிறோம். சின்னவள் வவுனியாவில் படிப்பிக்கிறாள், மாதத்தில் இரண்டு தரமாவது அங்கே ஓட வேண்டியிருக்கிறது.

சரி, உன் கார் விசயத்துக்கு வருகிறேன். மிதித்தால் இழுக்கவில்லை, கராஜில் பம்ப், கொயில், சென்சர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். வாசித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. தயவுசெய்து ஒன்றையும் இப்போது மாற்றாதே. அதே வருத்தத்தோடு என் காரும் மூன்று மாதம் கிடந்து, போன கிழமைதான் எழும்பியது.

தை மாதம் வவுனியாவிலிருந்து திரும்பும்போதுதான் முதலில் தெரிந்தது. மாங்குளம் தாண்டியதும் முன்னால் ஒரு மணல் டிப்பர். பாதை வெளியாகத்தான் கிடந்தது, எதிரே வெகு தூரத்தில் ஒரு பஸ். வலப்பக்கம் எடுத்து அக்சிலேட்டரை முழுக்க அமத்தினேன். கார் பாயவில்லை. மூச்சு முட்டியவன் போல ஒரு இழுப்பு, ஒரு வெட்டு, பிறகு வேகம் 70இலிருந்து கீழே இறங்கத் தொடங்கியது. எதிர் பஸ் லைற் அடிக்கிறான். பிரேக் பிடித்துத் திரும்ப டிப்பருக்குப் பின்னால் ஒதுங்கும்வரை என் நெஞ்சு இடித்தது எனக்கே கேட்டது. முறிகண்டி வரும்வரை மனுசி ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, ஒரு கால் மணித்தியாலம் நின்றுவிட்டு எடுத்தால், கார் ஒன்றுமே நடக்காதது போலப் பறக்கிறது! நின்று எடுத்தால் சுகம் வருகிறது என்பதுதான் முக்கியமான துப்பு. அன்றைக்கு எனக்கு அது பிடிபடவில்லை.

முதலில் எயார் பில்ற்றரைக் கழற்றித் தட்டினேன். வயல் பாதையின் கிரவல் புழுதி ஒரு கைப்பிடி கொட்டியது. புதிது போட்டும் மாற்றமில்லை. ஒரு கராஜில் பிளக் வயர்களை மாற்றினார்கள். இன்னொரு இடத்தில் ஸ்கானர் பூட்டிப் பார்த்துவிட்டு, பிழை ஒன்றும் காட்டவில்லை என்று காற்று போகும் வழியில் உள்ள திரொட்டிலைக் கழுவித் தந்தார்கள். காசு போனதுதான் மிச்சம். அப்புறம் நானே பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். நுனியில் உள்ள பீங்கான் மெல்லிய மண்ணிறமாக இருக்க வேண்டும். நாலும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை. காற்றுக்குத் தக்க பெற்றோல் போகவில்லை என்று அதிலேயே எழுதியிருந்தது.

பரந்தனில் ஒரு மெக்கானிக் தம்பி இருக்கிறான், இருபத்தைந்து வயதுதான் இருக்கும். அவன் எதையும் கழற்றச் சொல்லவில்லை. பெற்றோல் லைனில் ஒரு அழுத்த மீற்றரைப் பூட்டி, அதன் நீண்ட ரியூபை பொனற் இடுக்கால் வெளியே எடுத்து, முகம் எங்களைப் பார்க்கிற மாதிரி வைப்பருக்கு அடியில் நாடாவால் ஒட்டினான். “ஐயா, ஆனையிறவுப் பக்கம் ஓடுங்கோ, நான் முள்ளைப் பார்க்கிறன்” என்றான்.

இஞ்சின் சும்மா ஓடி நிற்கும்போது அழுத்தம் 34 பி.எஸ்.ஐ. நியூட்ரலில் மிதித்தால் 40. அது சரியான குணம். மிதிக்கும்போது இஞ்சினின் உறிஞ்சல் குறையும், பெற்றோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் அதைக் கொஞ்சம் ஏற்றிவிடும். ஆனால் வெளி றோட்டில் மூன்றாம் கியரில் முழுக்க அமத்தினேன் பார், முள் 40இலிருந்து 35, 28, 20 என்று எங்கள் கண்முன்னே படுத்தது. கார் அதே இடத்தில் வெட்டியது. காலை எடுத்தேன், முள் மெல்ல எழும்பியது. மூன்று தரம் ஓடினோம், மூன்று தரமும் அதேதான்.

பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, அழுத்தத்தை இறக்கிவிட்டு, பின்சீற்றைத் தூக்கிப் பம்பை வெளியே எடுத்தான். பம்பின் அடியில் வலைப்பை மாதிரி ஒரு சல்லடை இருக்கும், தெரியும்தானே. அது வெள்ளையாக இருக்க வேண்டியது. துருவும் சேறும் அப்பி, தேயிலைச் சக்கை போலக் கறுத்துக் கிடந்தது. சும்மா நிற்கும்போது இஞ்சினுக்குக் கொஞ்சப் பெற்றோல் போதும், அந்த அடைப்பு வழியாக வருவதே காணும். மிதித்தால்தான் பற்றாக்குறை. நிறுத்தி வைத்தால் பம்பின் உறிஞ்சல் நின்று, ஒட்டிய ஊத்தை கழன்று அடியில் விழும். முறிகண்டியில் நடந்தது அதுதான் மச்சான்.

துரு எங்கிருந்து வந்தது? 2022இல் வந்தது. பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட் வந்து கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்த காலம். கிடைத்ததைத் தகரப் பரலில் சேர்த்து, அதிலிருந்து நேரே தாங்கிக்குள் ஊற்றினேன், வடிக்கவில்லை. அதை நினைத்தால் இன்னும் மனம் கேட்கவில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள், உன் அப்புவின் ஒஸ்ரின் காரை மண்ணெண்ணெயில் ஓட்டினோமே. கார்பரேற்றருக்குச் சூப்பிப் போத்தலால் இரண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ரார்ட் எடுத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அப்போது பழைய வேட்டித் துண்டை நாலாக மடித்துப் பிடித்து, ஒவ்வொரு போத்தலாக வடித்து ஊற்றியவன் நீதான். “துணியில் நிற்கிறது இஞ்சினுக்குப் போகாது” என்பாய்.

தாங்கியை இறக்கிக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயப் போட்டோம். வெறும் தாங்கி நிறைந்த தாங்கியைவிடப் பயங்கரம், உள்ளே ஆவி நிற்கும், ஆகவே நெருப்புக்கோ வெல்டிங்குக்கோ கிட்டக்கூடக் கொண்டுபோகக்கூடாது. சல்லடை, லைன் பில்ற்றர், பம்ப் மூடியின் ரப்பர் வளையம் மூன்றும் புதிது. பம்ப் பழையதுதான், இன்னும் நல்லாக ஓடுகிறது. திரும்ப மீற்றரோடு ஆனையிறவுக்கு ஓடினோம். முழுக்க அமத்தியும் முள் 40ஐ விட்டு அசையவில்லை.

உன் கார் புதிது, அழுத்தம் வேறாக இருக்கும், கார்ப் புத்தகத்தில் உள்ள எண்ணைப் பார். ஆனால் ஓடும்போது அளக்கச் சொல், கராஜில் நிற்கும்போது அளந்து பிரயோசனம் இல்லை. அழுத்தம் குறையாமலே கார் இழுக்க மறுத்தால், சைலன்சர் பக்கம் புகையைச் சுத்தமாக்குகிற கற்றலிற்றிக் கொன்வேட்டர் அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல். இரண்டையும் பார்த்த பிறகுதான் காசை எடு.

ஆடியில் வருவதாகச் சொன்னாயே, கட்டுநாயக்கவுக்கு நானே காரோடு வருகிறேன். முறிகண்டியில் நிற்பாட்டிக் கச்சான் வாங்குவோம். மீற்றர் எவ்வளவு காட்டியது என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் மச்சான்