ஆடிட்டர் தேடும் மகனுக்கு

மேற்கு மாம்பலம்,
சென்னை

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் சைட்டிலிருந்து யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள், "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

"நல்ல ஆடிட்டர் யாராவது இருந்தா சொல்லும்மா" என்று கேட்டாய். பெயர் சொல்வது பெரிய காரியமில்லை. ஆனால் வருஷம் முழுக்க பில்லையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் திணித்து, கடைசி வாரத்தில் கொண்டுபோய் மேஜையில் கொட்டினால் எந்த ஆடிட்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. பாரிமுனை எலக்ட்ரிக்கல் கடையில் நான் கணக்கு எழுதிய காலத்தில் உன்னை மாதிரி எத்தனையோ ஒயரிங் காண்ட்ராக்டர்களைப் பார்த்திருக்கிறேன். கைநிறைய வேலை இருக்கும், ஒயர் வாங்கக் கடன் சொல்வார்கள். எங்கே பணம் நிற்கிறது என்று கேட்டால் "ஆடிட்டருக்குத்தான் தெரியும்" என்பார்கள். அவருக்கு எப்படித் தெரியும்? நீ எழுதியதைத்தானே அவர் பார்க்க முடியும்.

முதலில் ஒரு கரண்ட் அக்கவுண்ட் திற. பில்டர் போடும் பணமும், வீட்டில் பூங்கொடி பால்காரருக்கு ஜிபே பண்ணுவதும், சித்தி திருப்பித் தந்த கைமாற்றும் ஒரே கணக்கில் கிடந்தால், நாளைக்கு வருமான வரிக்காரர்கள் "இது என்ன வரவு" என்று கேட்கும்போது உனக்கே நினைவிருக்காது. வீட்டுக்கு வேண்டியதை மாதம் ஒருமுறை உன் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிக்கொள்.

எழுதுவதற்கு டேலி மாதிரி கணக்கு சாஃப்ட்வேர் வேண்டாம், நீள நோட்டு போதும். அன்றன்றைக்கு வரவு, செலவு, யாருக்கு, எந்த சைட். சனிக்கிழமை ஆட்களுக்குக் கூலி கொடுக்கும்போது வவுச்சரில் கையெழுத்து வாங்கு. முன்பணம் கொடுத்தால் அதையும் எழுது. பெட்ரோல் பங்க் ரசீதும் மெஷினில் வரும் பில்லும் நாலு மாதத்தில் வெளுத்து வெறும் காகிதமாகிவிடும், வாங்கிய உடனே படம் எடுத்து வை. ஜிஎஸ்டி சட்டப்படி, வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். பரணில் இடம் இருக்கிறது, பெட்டியை இங்கே கொண்டுவந்து வை.

இனி ஜிஎஸ்டி. உன்னைக் கவிழ்க்கக்கூடியது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஒரு லட்சத்துக்கு வேலை செய்து 18 சதவீதம் போட்டு 1,18,000 ரூபாய்க்கு பில் கொடுக்கிறாய். அந்த 18,000 உன் பணம் இல்லை. பில்டர் மூன்று மாதம் இழுத்தடித்தாலும், பில் தேதியை வைத்து அடுத்த மாதமே வரியைக் கட்டியாக வேண்டும். வராத பணத்துக்கு வட்டிக்கு வாங்கி வரி கட்டியவர்களை எனக்குத் தெரியும். அதனால் அளவு எடுத்து, சைட் இன்ஜினியர் கையெழுத்துப் போட்டு, முடிந்த வேலை அளவுக்குப் போடும் ஆர்.ஏ. பில் பாஸாகும்வரை, புரொஃபார்மா என்கிற மாதிரி பில்லை மட்டும் கொடு. அதற்கப்புறம் டாக்ஸ் இன்வாய்ஸ், அதாவது நிஜ வரி பில் போடு. ஒப்பந்தத்தில் பணம் தரும் தேதி எழுதியிருந்தால், இன்வாய்ஸ் எப்போது போட வேண்டும் என்பதற்கு அதுவும் கணக்கில் வரும், ஆகையால் ஒப்பந்தத்தை ஆடிட்டரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதே. உன் அளவுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு ரிட்டர்ன் போடும் முறை இருக்கிறது, 5 கோடி விற்றுமுதல் வரை அனுமதி. ஆனால் அதிலும் வரியை மாதாமாதம்தான் கட்ட வேண்டும். ரிட்டர்ன்தான் காலாண்டு, பணம் இல்லை.

சரக்கு வாங்கும் இடத்தில் வரி பில் இல்லாமல் "எஸ்டிமேட்" சீட்டு போட்டுத் தரட்டுமா, விலை குறையும் என்பார்கள். நானே அந்த எஸ்டிமேட் புத்தகத்தைப் பார்த்து வளர்ந்தவள். உன் ஜிஎஸ்டி நம்பரைச் சொல்லி பில் கேள். தமிழ்நாட்டு நம்பர் 33-இல் ஆரம்பிக்கும், ஒரு எழுத்து தவறினாலும் நீ சரக்குக்குக் கொடுத்த வரி உன் கணக்கில் ஏறாது. பில் வாங்கினாலும் அந்தக் கடைக்காரர் ரிட்டர்ன் போடவில்லை என்றால் ஜிஎஸ்டி போர்ட்டலில் உனக்கு வரும் 2பி பட்டியலில் காட்டாது, நீ கட்ட வேண்டிய வரியில் அதைக் கழிக்க முடியாது. மாதாமாதம் 2பி-யை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னால் எந்த ஆடிட்டர் உடனே அனுப்புகிறாரோ அவரிடம் போ.

பில்டர் ஒரு சதவீதம் குறைத்துப் போடுகிறான் என்று திட்டினாயே, அது டிடிஎஸ். உன் வருமான வரிக்காக உன் பெயரில் அரசாங்கத்துக்குப் போகிற பணம். பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டியிருந்தால் அதைச் சேர்க்காமல்தான் பிடிக்க வேண்டும், அதைப் பார். பிடித்துவிட்டுக் கட்டாதவர்களும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமான வரி போர்ட்டலில் உன் பெயரில் ஏறிய டிடிஎஸ் பட்டியலை எடுத்து உன் நோட்டோடு ஒத்துப் பார்த்தால் ஆள் அகப்பட்டுவிடுவான்.

உன் நண்பன் "எங்க ஆடிட்டர் ஆறு சதவீதம்தான் காட்டுவார், வரியே வராது" என்று சொன்னதாகச் சொன்னாய். சின்ன வியாபாரத்துக்கு அப்படி ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 44ஏடி என்பார்கள். வங்கி வழியாக வந்த பணத்துக்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம் லாபம் என்று வைத்து வரி கட்டலாம். அது பழைய 1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண். 2026 ஏப்ரலிலிருந்து அதன் இடத்தில் 2025 சட்டம், அதில் பிரிவு எண்கள் வேறு, அதனால் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்யாதே. ஆனால் யோசித்துப் பார். 60 லட்சத்துக்கு வேலை செய்து 3,60,000 ரூபாய்தான் சம்பாதித்தேன் என்று காட்டினால், நாளைக்கு நாவலூரில் வீடு வாங்க வங்கிக்குப் போகும்போது அந்த 3,60,000-ஐ வைத்துத்தான் கடன் கணக்குப் போடுவார்கள். நிஜமாக பத்து லட்சம் மிஞ்சியிருந்தால் பத்து என்றே எழுது. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை எப்படியும் வரி கிடையாது, பிடித்த டிடிஎஸ் திரும்பி வரும். பிறகு எதற்காகக் குறைத்துக் காட்ட வேண்டும்? இதைக் கேட்காமலே எடுத்துச் சொல்கிறவர்தான் உனக்கு வேண்டிய ஆடிட்டர். "எவ்வளவு குறைக்கணும் சார்?" என்று ஆரம்பிப்பவரிடம் காபி குடித்துவிட்டு வந்துவிடு.

தி.நகரில் பெரிய போர்டு மாட்டிய ஆபீஸ் உனக்கு இப்போது வேண்டாம். அங்கே உன் ஃபைலை பயிற்சிக்கு வந்த ஆர்ட்டிகிள் பையன் பார்ப்பான், அடுத்த வருஷம் வேறு பையன். ரிட்டர்ன் போடுவதற்கு ஜிஎஸ்டி தெரிந்த கன்சல்டன்ட் போதும். நம் ஊரில் அவர்களையும் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுகிறோம், அதில் தப்பில்லை. ஆனால் வங்கிக் கடனுக்குச் சான்றிதழ் என்றால் சி.ஏ., அதாவது சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் கையெழுத்து வேண்டும், அதில் யுடிஐஎன் என்கிற 18 இலக்க அடையாள எண் இருக்க வேண்டும். அவர்கள் இன்ஸ்டிட்யூட் இணையதளத்தில் போட்டு நீயே சரிபார்க்கலாம். ரீஃபண்டில் இத்தனை சதவீதம் எனக்கு என்று கேட்கிறவர் யாராக இருந்தாலும் வேண்டாம்.

நான் விடாப்பிடியாகச் சொல்வது ஒன்று உண்டு. ஜிஎஸ்டி போர்ட்டலிலும் வருமான வரி போர்ட்டலிலும் உன் போன் நம்பர், உன் இமெயில்தான் இருக்க வேண்டும். பதிவு செய்து தருகிறவர் அவசரத்தில் தன் நம்பரைப் போட்டுவிடுவார். நம் தெருவில் தையல் யூனிட் வைத்திருப்பவருக்கு அப்படித்தான் ஆனது. கன்சல்டன்ட்டோடு சண்டை, ஓடிபி எல்லாம் அந்த ஆளுக்கே போகிறது, மாற்றுவதற்கு ஜிஎஸ்டி அலுவலகத்துக்கு அலைந்தார். நீ இன்றைக்கே லாகின் செய்து பார்த்துவிடு.

ஆளை முடிவு செய்வதற்கு முன் ஒரு தடவை நேரில் போய் உட்கார். போன வருஷ பில் நாலைக் கொண்டுபோய்க் காட்டு. உன்னை எத்தனை கேள்வி கேட்கிறார் என்று கவனி. எங்கே வேலை செய்கிறாய், ரிடென்ஷன் என்று பில்லில் எவ்வளவு பிடித்து வைக்கிறார்கள், ஆட்களுக்குக் கூலி எப்படிக் கொடுக்கிறாய் என்று கேட்டால் நல்லது. பீஸ் என்ன, அதில் எதெல்லாம் அடக்கம், நோட்டீஸ் வந்தால் தனியா என்பதை எழுதி வாங்கிக்கொள்.

துரைப்பாக்கத்தில் ஒரு அம்மா இருக்கிறார், சி.ஏ.தான், வீட்டோடு ஆபீஸ். எங்கள் கடையில் என்னோடு வேலை பார்த்தவரின் மருமகள். நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். நான் சொன்னேன் என்று சொல்லலாம், ஆனால் அதற்காக அவரையே வைத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை.

மாநகராட்சிக்குக் கட்டும் தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை, அதைக் கட்டினாயா என்று எழுது.

அன்புடன்,
அம்மா